நாளைக்கு நடத்தவேண்டிய பாடம்

இன்று வீட்டில் ஃபியூஸ் போய், வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கியதும் மூக்கில் ஏறிய கருகல் வாடை, விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிக்குப் பின்னால் நாங்கள் ஓதிய தகரக் கொட்டகை மதரஸாவில் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அங்கே கார் ஷெட். அப்போது சாயங்காலம் முழுக்கக் குர்ஆன் ஓதுகிற சத்தம், உடைந்த பீங்கான் குவியல்மேல் ஆடு நடக்கிற சத்தம், நடுவில் ஒரு சார் வந்து நடத்துகிற இங்கிலீஷ்.

நாளை என்று வாய் திறந்தால் 'இறைவன் நாடினால்' என்கிற 'இன்ஷா அல்லாஹ்' சேர்த்தே ஆகவேண்டும். "இங்கிலீஷ்ல எழுதினா மட்டும் அல்லாஹ் வேணாமா?" என்பார் ஓதிக்கொடுத்த அஜரத். அப்படியே "ஐ வில் கம் டுமாரோ இன்ஷா அல்லாஹ்" என்று எழுதினால், "கிராமர்ல இதுக்கு எடம் எங்க இருக்குது?" என்று சிவப்பு மையால் அடிப்பார் இங்கிலீஷ் சார். எழுதினால் இவரிடம் திட்டு, எழுதாவிட்டால் அவரிடம் திட்டு. ரெண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து பேசித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஃபியூச்சர் டென்ஸ் முடிந்த அன்று சார், "பாஸ்ட் டென்ஸ் நாளைக்கு நடத்துறேன்" என்றார். பழக்கதோஷத்தில் மொத்த வகுப்பும் "இன்ஷா அல்லாஹ்!" என்று கத்தியது.

"அட, வாய மூடுங்க! நாளைக்குன்னா நாளைக்குத்தான்" என்று எரிந்து விழுந்துவிட்டு சைக்கிளை எடுத்தவர், அப்புறம் வரவேயில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

இன்றைக்கும் ஆபீஸில் நேற்று நடந்ததை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால், "யெஸ்டர்டே ஐ வில் கோ" என்றுதான் வருகிறது. அதற்கு இன்ஷா அல்லாஹ் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை போடத்தான் ஆளில்லை.