குடிக்காமல் வைத்த காபி

மிஃப்லிஹுக்குத் தொண்டைதான் சொத்து. ஸர்கா நகரத்தின் கிழக்குத் தெருக்களில் அவனுடைய காய்கறிப் பிக்கப் வண்டி நுழைந்தால், ஒலிபெருக்கி இல்லாமலே நாலாம் மாடிவரை குரல் ஏறும். அவன் கூவினால் அழுகின தக்காளிக்கும் கல்யாணக் களை வந்துவிடும். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பான்.

அந்தத் தொண்டை அவனுக்கு இன்னொரு பதவியையும் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஜோர்டானில் பெண் கேட்பதென்றால் மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் போய் நிற்க முடியாது. பெரிய மனிதர்கள் கூட்டமாகப் போக வேண்டும். அதற்கு ஜாஹா என்று பெயர். பெண் வீட்டில் கசப்புக் காபி வரும். கூட்டத்துக்காகப் பேசுகிறவர் அதைத் தொடாமல் முன்னால் வைத்துவிடுவார். "குடியுங்க, வந்த காரியம் ஆச்சு" என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பார். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் வாயைத் திறக்கக் கூடாது. கொலைப் பகையைக்கூட அந்தச் சின்னக் கோப்பையால்தான் ஆற்றுகிறார்கள்.

எங்கள் வட்டாரத்து ஜாஹாக்களில் பேசுவதற்கு மிஃப்லிஹைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை யாரும் அவனுக்கு இல்லை என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? பெண்கள் சமையலறையில் உட்கார்ந்து மாதக்கணக்காகப் பேசி முடித்துவிட்ட சம்பந்தத்துக்கு, ஆண்கள் போய் ஒரு மணி நேரம் நாடகம் போட்டுவிட்டு வருவதுதானே ஜாஹா. இது ஊருக்கே தெரியும். மிஃப்லிஹ் மட்டும், தான் கோப்பையைக் கீழே வைக்கிற தோரணையைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு மனக்குறை. ஜாஹாவுக்குப் போகும்போது வெங்காய வாடை அடிக்கும் பிக்கப்பை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, அங்கியைத் தட்டிக்கொண்டு நடந்து வர வேண்டியிருந்தது. ஐந்து வயிற்றுக்குச் சோறு போட்ட வண்டி அது. அதைப் பார்த்து வெட்கப்பட்டவனை வேறு என்ன சொல்வது?

அப்போதுதான் ஷுக்ரியின் கார்ச் சந்தையில் அந்த ஜெர்மன் கார் வந்து நின்றது. வெள்ளை நிறம், சிவப்புத் தோல் இருக்கை. பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஷுக்ரி சொன்ன விலைக்கு அதன் நாலு சக்கரம்கூட வராது. மிஃப்லிஹுக்கு அது சந்தேகமாகப் படவில்லை, அதிர்ஷ்டமாகப் பட்டது. ஆசைக்கு வெட்கமும் கிடையாது, கணக்கும் கிடையாது.

இத்தனைக்கும் ஸர்காக்காரனுக்குக் காரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மோதி நொறுங்கியதும் வெள்ளத்தில் மூழ்கியதும் கப்பலேறி எங்கள் ஊருக்குத்தான் வருகின்றன. இங்கே தட்டிப் பூசிப் புதுப்பெண்ணாக்கி விற்கிறார்கள். அதனால் எந்த வண்டியானாலும் முதல் கேள்வி, "நாலும் நல்லதா?" அடிச்சட்டத்தின் நாலு முனையும் அடிபடாமல் இருக்கிறதா என்று அர்த்தம். பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோய், நாலும் நல்லது என்று சீட்டு வாங்கிய பிறகே பணத்தை எண்ணுவார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூடக் கிழவிகள் "நாலும் நல்லதா?" என்றுதான் விசாரிப்பார்கள். தெருவில் யார் கார் வாங்கினாலும் இதை அதட்டிச் சொன்னவன் மிஃப்லிஹ். எல்லாம் ஊருக்கு உபதேசம்.

பிக்கப்பைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணமும் வைத்தால் காரைத் தருவதாக ஷுக்ரி சொன்னான். பணம் ஏது? இரண்டு நாள் யோசித்தான் மிஃப்லிஹ். மூன்றாம் நாள் ஜாஹாவுக்குப் போடுகிற அங்கியைப் போட்டுக்கொண்டு போய் ஷுக்ரியின் முன்னால் உட்கார்ந்தான். காபி வந்தது. கோப்பையை வாங்கி, தொடாமல் மேஜைமேல் வைத்தான்.

கார் பேரத்தில் யாரும் செய்யாத காரியம் அது. பெண்ணுக்கும் ரத்தத்துக்கும் வைக்கிற கோப்பையைப் பழைய இரும்புக்கு வைத்த முதல் ஆள் அவன்தான். ஷுக்ரி ஒரு நிமிடம் கோப்பையையே பார்த்தான். அவன் மனசுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"குடிங்க, அபூ கைஸ்" என்றான். மிஃப்லிஹின் மூத்த பையன் கைஸ்; கைஸின் அப்பா என்று மரியாதையாகக் கூப்பிடுவது.

"வந்த காரியம் ஆனாத்தான் குடிப்பேன்."

"என்ன காரியம்?"

"வண்டிக்கு வண்டி. மேல ஒரு காசு கிடையாது."

ஷுக்ரி நெற்றியைத் தடவினான், பெருமூச்சு விட்டான், குழந்தை குட்டிக்காரன் என்று புலம்பினான். கடைசியில் கையை விரித்தான். "என் இடத்துல உங்க காபி ஆறக் கூடாது. குடிங்க, கார் உங்களோடது."

மிஃப்லிஹ் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான். எழுந்திருக்கும்போது பழைய புத்தி லேசாக எட்டிப் பார்த்தது. பரிசோதனை மையத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடலாமே என்றான்.

ஷுக்ரியின் முகம் தொங்கிவிட்டது. "காபி குடிச்சாச்சே, அபூ கைஸ். பொண்ணைக் கொடுத்த பிறகு பல்லை எண்ணிப் பாப்பீங்களா? நான் உங்க மரியாதைக்குக் கொடுத்தேன். நீங்க என்னைத் திருடன்னு நினைக்கறீங்க."

இதற்கு மேல் ஒரு ஜாஹாக்காரன் என்ன பேசுவான்? தான் வைத்த கோப்பைக்குத் தானே கட்டுப்பட்டு, பிக்கப்பின் சாவியை எடுத்து நீட்டினான்.

வீட்டு வாசலில் காரைப் பார்த்த அவன் மனைவி ஹியாம், கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. நாளைக்குத் தக்காளியை எங்கே ஏற்றுவீர்கள் என்று மட்டும் கேட்டாள். இந்தக் காரில் போய் இறங்கினால் வேறே மாதிரி தொழில் வரும் என்றான். எந்தத் தொழில் என்று அவள் கேட்டபோது காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அந்த வெள்ளிக்கிழமையே ஒரு ஜாஹா. ஹாஜி மஷ்ஹூர் எங்கள் வட்டாரத்திலேயே மூத்தவர். அவரை முன் இருக்கையில் உட்கார்த்திக் கூரையைத் திறந்துவிட்டான். ஸர்காவில் கூரையைத் திறந்தால் என்ன வரும்? புழுதி வரும், பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம் வரும். காற்றில் ஹாஜியின் தலைத்துணி பறந்து போய்ப் பின்னால் வந்த பேருந்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பெண் வீட்டு வாசலில் பொத்தானை அழுத்தினான். பாதி எழும்பிய கூரை இறக்கை முறிந்த கோழி மாதிரி அந்தரத்தில் நின்றது. முன்னாலிருந்து புகை கிளம்பியது. மாப்பிள்ளைக்குப் பெண் கிடைத்தது, அது முன்பே கிடைத்ததுதான். திரும்பும்போது ஜாஹாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரைத் தள்ளினார்கள்.

மறுநாள், போயிருக்க வேண்டிய பரிசோதனை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். நாலில் ஒன்றுகூட நல்லதில்லை. முன்பாதி ஒரு காருடையது, பின்பாதி வேறு காருடையது. நடுவில் பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள்.

ஹியாம் அன்றைக்கு அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள். "அந்தாளு ரெண்டு காருக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கான். ஜாஹாவுக்குப் போனது நீங்க."

ஒரே வழிதான் பாக்கி இருந்தது. ஹாஜி மஷ்ஹூரின் காலைப் பிடித்தான். பெரியவர் தலைத்துணி போன கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஐந்தாறு பேரோடு ஷுக்ரியிடம் போனார். உண்மையான ஜாஹா. கோப்பையைத் தொடாமல் வைத்து, காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பிக்கப்பைக் கொடு என்று கேட்பதாக ஏற்பாடு. மிஃப்லிஹ் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஷுக்ரி எழுந்து நின்று எல்லாரையும் வரவேற்றான். தட்டு வந்தது. தட்டில் புதினா போட்ட தேநீர்.

"மன்னிக்கணும் ஹாஜி" என்றான். "ஒரு வாடிக்கையாளர் காபியை வச்சு என்னை மடக்கிட்டார். பெரிய நஷ்டம். அன்னையிலிருந்து இங்க காபியே போடறதில்ல."

தேநீருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. குடித்தாலும் ஒன்றுதான், குடிக்காவிட்டாலும் ஒன்றுதான். பிக்கப்பை அந்த வாரமே யாருக்கோ விற்றுவிட்டதாகவும் அவன் வருத்தத்தோடு சொன்னான். பெரியவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

பிக்கப்பை வாங்கியவன் பெயர் தைசீர். வண்டி இருந்தது, தொண்டை இல்லை. நாலு நாள் தெருத்தெருவாகச் சுற்றியும் ஒரு சன்னல் திறக்கவில்லை. கூலிக்கு மிஃப்லிஹை வைத்துக்கொண்டான். தன்னுடையதாக இருந்த வண்டியிலேயே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவனுடைய தக்காளிக்குக் கூவுகிறான் மிஃப்லிஹ் இப்போது. ஜாஹாவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கூரை மூடாத கார் வீட்டுக்குக் கீழே நிற்கிறது. சிவப்பு இருக்கையில் ஹியாம் கீரை உலர்த்துகிறாள்.

போன வாரம் அவர்கள் தெருவுக்கே பிக்கப் வந்தது. ஹியாம் பையோடு இறங்கி வந்து தக்காளியைப் புரட்டிப் பார்த்து, விலையைக் கேட்டாள். மிஃப்லிஹ் சொன்னான். குறைக்கச் சொன்னாள். அவன் ஓட்டுநர் இருக்கையில் இருந்த தைசீரைப் பார்த்தான். தைசீர் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். சன்னல்களில் தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"முடியாதாம்" என்றான் மிஃப்லிஹ், அவனுக்கே கேட்காத குரலில்.

ஹியாம் காசை எண்ணி அவன் கையில் வைத்தாள்.

"மேல போய்க் காபி போட்டு எடுத்துட்டு வரட்டுமா, அபூ கைஸ்?"