வெண்டலின் வலது கை

அமெரிக்காவில் கான்சஸ் பக்கம் போஸ்ட்மேன் வெண்டல் ஹாஸ்கின்ஸ். இருபத்திரண்டு வருடமாக உள்ளூர் கால்பந்து ஆட்டங்களில் கொடி பிடித்த லைன்ஸ்மேனும்கூட. பெரிய ஆட்டத்தின் வேகத்துக்குத் தன் கண் ஈடுகொடுக்குமா என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இங்கிலாந்தில் எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்து, எனக்கும், எப்போதும் என்னோடு ஆட்டம் பார்க்க வரும் மேவிஸுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

நாற்பதாவது நிமிடத்தில் எங்கள் ஆளுக்குப் பந்து வந்தது. கோல். எல்லோரும் எழுந்து கூத்தாடினோம். வெண்டல் மட்டும் உட்கார்ந்தபடி வலது கையை உயர்த்தியிருந்தார்.

“ஏம்ப்பா அமெரிக்காக்காரா, கக்கூசுக்குப் போகணும்னா எந்திரிச்சுப் போயேன்,” என்றார் மேவிஸ்.

“ஆஃப்சைடுங்க. தடுக்கிற ஆளைவிட ஒரு முழங்கால் முன்னால நின்னாரு.”

“இவ்வளவு தூரத்துலேர்ந்து முழங்கால் தெரியுதாக்கும். கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பேசு.”

வெண்டல் கையை இறக்கவில்லை. கூத்து அடங்கிய பிறகுதான் நாங்கள் கீழே பார்த்தோம். அங்கே லைன்ஸ்மேனின் கொடியும் உயர்ந்திருந்தது. கோல் செல்லாது.

இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் மறுபடி வலைக்குள் அடித்தான். அரங்கமே எழுந்தது. மேவிஸ் எழவில்லை, முதலில் வெண்டலின் கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் கத்தினார்.