எனக்கு நானே எழுதிய கடிதம்

அந்தமானின் ஹட் பேயில் எனக்கு இரண்டு நாற்காலிகள். ஞாயிறு காலையில் காக்கி மாட்டிக்கொண்டு ஊர்க்காவல் படைக்கு அணிவகுப்பு நடத்துவேன். மற்ற நாட்களில் அதே ஆள் மாஜிஸ்திரேட். எங்கள் தீவுக்கு ஆபீசர் வருவதே அபூர்வம். வந்தவனும் அடுத்த கப்பலிலேயே டிரான்ஸ்ஃபருக்கு அலைவான். மிச்சம் இருப்பவன் தலையில் எல்லாம் விழும். என் தலையில் விழுந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. படைக்கு ஏதாவது உத்தரவு வேண்டுமென்றால், படை அதிகாரியான நான் மாஜிஸ்திரேட்டுக்குக் கடிதம் எழுதுவேன். 'ஐயா, தயவுகூர்ந்து ஆணை வழங்கவும்' என்று பணிவாக முடிப்பேன். கிளார்க் அதற்கு நம்பர் போட்டு என் மேஜையிலேயே கொண்டுவந்து வைப்பார். மாஜிஸ்திரேட்டான நான் அதைப் படித்துப் பார்த்து ஆணை வழங்குவேன். ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் ஃபைலைப் புரட்டினார். "கேட்டதும் நீங்க, கொடுத்ததும் நீங்க, தேதியும் ஒண்ணா? யோசிச்சுக் கொடுத்த மாதிரியாவது இருக்க வேண்டாமா?" என்று கிளார்க் முன்னாலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து இன்று கேட்டால் நாளைதான் கையெழுத்து. அதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

அந்த மத்தியானம் கடல் சரியில்லை. காற்றே இல்லை, ஆனால் அலை கனத்து, விட்டு விட்டு பிரேக்வாட்டர் சுவரில் வந்து இடித்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைச் சும்மா பார்ப்பதில்லை. டீக்கடையில் பேச்சு நின்றுபோயிருந்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து பேரலை எழும்பலாம் என்று போர்ட் பிளேரிலிருந்து செய்தியும் வந்துவிட்டது. ஜெட்டியில் டியூட்டி பார்த்த பெங்காலி ஹோம்கார்டு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சாப், பானி டீக் நஹி ஹை. போட் சப் ரோக் தேகா க்யா?"

தண்ணீர் சரியில்லை, படகுகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நிறுத்துவதற்கு மாஜிஸ்திரேட் எழுத்தில் சொல்ல வேண்டும். "ஆர்டர் கல் ஆயேகா," என்றேன். நாளைக்கு வருமாம்! உட்கார்ந்து அழகாக ஒரு கடிதம் எழுதி எனக்கே அனுப்பிக்கொண்டேன். ஆபீஸ் திறப்பதற்குள் படகுகள் கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மண்டைக்குள் ஃபைல்தான் ஓடியது.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது ஒரு பெண் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம்; புருஷன் சொந்த டிங்கியில் மீன்பிடிக்கப் போகிறவர்.

"சார், அவிய கேட்டுட்டு வரச் சொன்னாவ. நாளைக்குக் கடலுக்குப் போலாமா? தடை கிடை போட்டிருக்கியளா?"

"தடை ஒண்ணும் இல்லம்மா. இன்னும் ஆர்டர் வரல."

ஃபைல்படி அது பொய்யில்லை. "அப்பாடா," என்று சிரித்துக்கொண்டே போனார். கூப்பிடு, கூப்பிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் முதல் வேலையாகத் தடை ஆணையில் கையெழுத்துப் போட்டேன். வாசலில் ஹோம்கார்டு நின்றிருந்தார். "ஏக் டிங்கி நிகல் கயா, சாப்." ஒரு டிங்கி போய்விட்டது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் பலகைகள் கரைக்கு வந்தன. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் புருஷன் வந்தார், உயிரில்லாமல்.

மரண விசாரணையை மாஜிஸ்திரேட் நடத்த வேண்டும். வேறு ஒருவரிடம் மாற்றுங்கள் என்று மேலே எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். பயந்தேன். நானே உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"போக வேண்டாம்னு உங்க வீட்டுக்காரருகிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார். போலாமான்னு நான் கேட்டதுக்குத் தடை இல்லன்னு சொன்னாவ."

எழுதிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்தார். "யாரும்மா சொன்னது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சொல்லிவிடு தாயே என்றும் இருந்தது, சொல்லாதே என்றும் இருந்தது. இரண்டாவதுதான் பலமாக இருந்தது, இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

"ஞாபகம் இல்ல சார்."

கிளார்க் அதை அப்படியே எழுதி முடித்து, நகல் எடுக்கப் போனார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"நிவாரணப் பணத்துக்குச் சாவு சர்டிபிகேட்டுல நீங்கதான சார் கையெழுத்துப் போடணும்? ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன். உங்களப் பகைச்சுக்கிட்டு இந்தத் தீவுல நான் எங்க போவேன்?"

குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிளார்க் தாளோடு திரும்பி வந்தார். 'மேற்படி சாட்சி யாருக்கும் அஞ்சாமல், தன் விருப்பப்படி வாக்குமூலம் அளித்தார்' என்று கடைசியில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.