மைக்கில் படிக்கப்படும் ஒப்பந்தம்

மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கியதும் மற்ற மைக் செட்டுக்காரர்கள் மைக்கைத் தட்டுவார்கள், ஊதுவார்கள், ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள். செல்லமுத்து சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “தியாகதுருகம் செல்லமுத்து சவுண்ட் சர்வீஸும் கீழே கையெழுத்திட்டவரும் ஒப்புக்கொண்டது என்னவென்றால்...” என்று ஆரம்பித்துக் கடைசி வரி வரை ஊருக்கே கேட்கும்படி படிப்பார். வாய் படித்துக்கொண்டிருக்க, காது இரைச்சலைக் கவனிக்கும்; கை ஆம்ப்ளிஃபயரின் திருகை மெல்லத் திருப்பும். தாள் முடியும்போது சத்தமும் சரியாகியிருக்கும்.

பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டுச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். கோலி ஆடும்போதுகூட, “மழையில் நனைந்தால் கூப்பிட்டவர் பொறுப்பு” என்று ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்கிறார்கள். கூப்பிட்டவர்களுக்குத்தான் சங்கடம்.

“அண்ண, வாடகைய மட்டும் உட்டுட்டுப் படிங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க கேட்டுக்கினு இருக்காங்க.”

“மெதுவா படிக்கிறேன். ஆனா படிச்சிடுவேன்.”

ஒல்லியான மனிதர். மரம் ஏறி ஏறி முழங்காலுக்குக் கீழே தோல் தேய்ந்து பளபளக்கும். இசைத்தட்டு ஊசிகளைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருப்பார். அதனால் அவர் தோளில் யாரும் கை போடுவதில்லை. ஊருக்கெல்லாம் உரக்கப் படிப்பவர் வீட்டில் முணுமுணுப்பதோடு சரி. “மைக்க குடுத்தாதான் இந்த ஆளு கொழம்பு ஊத்தச் சொல்லும்” என்பார் மனைவி சாலம்மாள்.

முன்பெல்லாம் அவரும் எல்லோரையும் போலத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினால் பேச்சு முடிந்தது. எந்த ஊர், எந்த நாள், எத்தனை குழாய் என்பதெல்லாம் வாயோடு சரி.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த முதல் வருடம். பொன்னுரங்கம் என்ற கரும்பு விவசாயி வெற்றிலைத் தட்டோடு வந்தார். “சாயங்காலம் கோயிலாண்ட கூட்டம். ரெண்டு கொழா போதும்.” கூட்டம் நடந்தது. விடிந்ததும் ஊர் இளைஞர்கள் செட்டை மாட்டுவண்டியில் ஏற்றிப் பெரிய சாலைக்குக் கொண்டுபோனார்கள். அது பேசாத பேச்சு. ஆனால் செட்டு போகிற இடத்துக்குச் செல்லமுத்துவும் போகாமல் என்ன செய்வார்? அந்த ஆம்ப்ளிஃபயர் சாலம்மாளின் பசுமாட்டை விற்று வாங்கியது.

போலீஸ் வந்தபோது கூட்டம் கரும்புக்குள் பாய்ந்து மறைந்தது. செல்லமுத்து ஓடவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“நீ எந்த ஊரு தலைவரு?” என்று ஸ்டேஷனில் கேட்டார்கள்.

“நான் மைக் செட்டுங்க. வாடகைக்கு வந்தவன்.”

“வாடகைன்னா சீட்டு எங்க?”

செல்லமுத்து இடுப்பு மடியை அவிழ்த்து, வதங்கிப்போன வெற்றிலையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒப்பந்தத்துக்கு அத்தாட்சியாக அவரிடம் இருந்தது அதுதான். அங்கே யாரும் சிரிக்கக்கூட இல்லை. செட்டு வழக்குப் பொருளாயிற்று. அவர் மறியல்காரராகி உள்ளே உட்கார்ந்தார்.

மறுநாள் பொன்னுரங்கம் தானாக வந்து நின்றார். கரும்புக்குள்ளேயே இருந்திருக்கலாம், யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது. “அவன் எங்க ஆளு இல்லீங்க. கூலிக்கு வந்தவன். கூப்ட்டது நான்” என்றார். செல்லமுத்து வெளியே வந்த கதவு வழியாகப் பொன்னுரங்கம் உள்ளே போனார். அவர் சிறையில் இருந்தபோதுதான் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்தது. வாங்கி ஆள் பிடித்து வெட்ட வீட்டில் ஆண்துணை இல்லை. கரும்பு பூத்து, சாறு வற்றி, அடுப்புக்குப் போயிற்று. செட்டு கோர்ட்டைச் சுற்றித் திரும்பி வந்தபோது குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

கூட்டைத் தட்டிவிட்ட கையோடு செல்லமுத்து ஒரு தாள் எழுதினார். ‘மைக் செட் வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்’ என்று ஒரே வரி. அடுத்த திருவிழாவில் ஒரு குழாய் விழுந்து நசுங்கியது. தாளில் ‘விழாக் குழு’ என்று கையெழுத்து இருந்தது. குழு எங்கே என்று கேட்டால், திருவிழா முடிந்ததும் கலைந்துவிட்டது என்றார்கள்.

கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் வைத்திருக்கும் ஜெயம்மாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “குழுவுக்கு இன்னா வூடா, வாசலா? ஒரு மனுஷன் பேரு, அவரு அப்பா பேரு, ஊரு போடு” என்றார். பிறகு கேட்டுக் கேட்டு அடித்தார். எந்த இடத்தில் கட்டுவது? இடம் மாற்றினால் யாரைக் கேட்க வேண்டும்? உடைந்தால்? நின்றுபோனால்? செல்லமுத்து பதில் சொல்லச் சொல்ல, அதுவரை பட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வரியாயிற்று. கல்வராயன் மலை ஊர் ஒன்றில் பேட்டரியைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு போனவர்கள், திருவிழா முடிந்ததும் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கிப்போனார்கள். அவரே தனியாகச் சுமந்து இறங்கினார். ஆகவே, ‘மேலே ஏற்றியவர்களே கீழே இறக்கிக் கொடுக்க வேண்டும்.’ மறியலால் வண்டி வர முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் ஒரு வரி உண்டு. அது எதிராளிக்கான வரி. ஜெயம்மாள் கேட்காமல் அவரே சொல்லிச் சேர்த்தது. இரண்டு பிரதி, ஆளுக்கொன்று.

“இதெல்லாம் எதுக்குப்பா? உன்ன ஏமாத்தவா போறாங்க?” என்று ஜெயம்மாள் விளையாட்டாகக் கேட்டாராம்.

“ஏமாத்துறவனுக்கு இல்லீங்க. நல்லவன் ஒருத்தன் ஜெயிலுக்குப் போயித்தான் நான் யாருன்னு சொல்லணும்னா, அது இன்னா தொழிலு?”

எழுத்துக் கேட்பது சந்தேகப்படுவது என்றே நமக்குப் பழக்கம். சிநேகிதனோடு கூட்டாகக் கடை போடும்போதும், மாமனிடம் டிராக்டர் வாடகை பேசும்போதும் தாளை நீட்டக் கூச்சம். அந்தக் கூச்சம் இதுவரை யாரைக் காப்பாற்றியது என்று பார்த்தால் ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. ‘எங்க மேல நம்பிக்க இல்லியா?’ என்று செல்லமுத்துவிடமும் கேட்கத்தான் செய்கிறார்கள். “உங்கள நம்பித்தான் மரம் ஏறுறேன். ஆனா உங்கள தெரியாதவங்களும் நம்பணுமில்ல” என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுவார். போராட்டம் ஓயும்வரை எல்லாத் தரப்பாரும் அவரைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அதே தாள். போலீஸ் மறித்த இடத்திலெல்லாம் தாளைக் காட்டினார். வாங்கிப் படித்துவிட்டு, “போயா” என்றார்கள். அதற்குப் பிறகு அவருக்காக வேறு யாரும் ஸ்டேஷன் படி ஏற வேண்டியிருக்கவில்லை.

போன தை மாதம் பொன்னுரங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். மைக் செட் பேச அவரே வந்தார். செல்லமுத்து பணம் வேண்டாம் என்றார்.

“வாங்கலன்னா சின்னசேலத்து செட்டுக்குச் சொல்லிடுவேன்.”

“அண்ண, நீங்க எனக்காவ உள்ள போனீங்க.”

“நான் கூப்ட்டேன், நீ வந்த. அதுக்குப் போனேன். எடு தாள, கையெழுத்துப் போடணும்.”

முழு வாடகையையும் முன்னதாகவே கட்டினார். இரண்டு பிரதியிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் செல்லமுத்து புளியமரத்தில் குழாயைக் கட்டி இறங்கித் தாளைப் பிரித்தார். இடத்தைப் படித்தார். பொறுப்பைப் படித்தார். மழை வரியைப் படித்தார். பந்தக்காலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வாடகை, கட்டிய தொகை, எல்லாம் வந்தன. கடைசி வரி.

“பாக்கி...”

குழாயில் இரைச்சல் மட்டும் கேட்டது. வரி தெரிந்த பிள்ளைகள் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருக்காக ஒரே குரலில் “இல்லை” என்று கத்தினார்கள்.

“படிடா செல்லமுத்து, பூரா கட்டிட்டேன்ல” என்றார் பொன்னுரங்கம் பந்தக்காலடியிலிருந்து.

செல்லமுத்து தாளை நான்காய் மடித்துப் பையில் வைத்தார். காலரிலிருந்து புது ஊசி ஒன்றை உருவி மாட்டி, நாதஸ்வர இசைத்தட்டின் மேல் மெல்ல இறக்கினார்.