வெயிலில் மதகை மூடச் சொன்னவர்

சாந்தி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் வந்தது. அதற்குச் சற்று மேலே, "புகை அதிகமா இருக்கு, ஜன்னலத் தொறக்காதீங்க" என்று அன்று காலை அவரே போட்ட செய்தி இருந்தது.

ஆஸ்துமாவால் இறந்தார் என்று எழுதுகிறார்கள். ஆஸ்துமா அவருக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதோடு நன்றாகத்தான் வாழ்ந்தார். அவரைக் கொன்றது புகை.

மலேசியாவின் கிள்ளான் நகருக்கு வெளியே, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் சதுப்பு நிலம். அந்த மண் காய்ந்தால் விறகுபோல எரியும். மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகையும். ஓரத்து வாய்க்காலின் மதகை மூடினால் தண்ணீர் தேங்கி மண் ஈரமாக இருக்கும்; திறந்தால் தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் வெள்ளத்தில் கட்டிலையும் பிரிட்ஜையும் பறிகொடுத்தவர்களுக்கு, மதகு திறந்திருந்தால்தான் தூக்கம் வரும். வெயில் காலத்தில் அதை மூட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அக்கா சொன்னதும் முனியாண்டி அங்கிள் எழுந்தார்.

"இந்தாம்மா சாந்தி, ஒன் வீடு மேட்டுல இருக்கு. தண்ணி வந்தா மெதக்கறது என் சோபா லா."

"சோபாவக் காய வைக்கலாம் அங்கிள். நெஞ்சுல போன பொகைய என்ன பண்ணுவீங்க?"

சிரித்தார்கள். பிறகு மதகு திறந்தே இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. வெள்ளத்துக்கும் தீக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர்களை விட்டவர்கள்மீதுதான் கோபம்.

அவர்களைப் பார்க்க மாவட்ட அலுவலகத்துக்கு அக்காவோடு நானும் போனேன். அவர் கேட்டது இரண்டுதான். மழைக்குத் திறக்கவும் வெயிலுக்கு மூடவும் பொறுப்பான ஓர் ஆள். புகை நாட்களில் முதியவர்களும் குழந்தைகளும் தங்க, சமூக மண்டபத்தில் புகை புகாத ஓர் அறை.

"தீ புடிச்சா அணைக்க போம்பா வரும் அக்கா. இப்ப எங்க தீ?" என்றார் அதிகாரி.

"எரியறப்ப வரணும்னா நான் போம்பாகிட்டயே போயிருப்பேனே தம்பி. ஒங்ககிட்ட ஏன் வரேன்?"

மதகு தன் பிரிவில் இல்லை என்றார் அவர். மண்டபம் இன்னொருவர் பொறுப்பாம்.

வெயில் ஏறியது. யாரோ குப்பையைக் கொளுத்தினார்கள். போம்பா வண்டிகள் வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போயின. மண் புகைந்துகொண்டே இருந்தது. அக்கா வீடு வீடாக முகக்கவசம் கொடுத்தார். மூச்சு முட்டியபோது அவரைப் படுக்கவைக்க அந்த அறை இல்லை.

சாவுக்கு அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. மதகு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. முனியாண்டி அங்கிள் என் கையைப் பிடித்து, "மூடச் சொல்லுவோம்டா, நானும் வரேன்" என்றார்.

அதிகாரியின் அறையில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "ஒக்காந்தா தேத்தண்ணி குடுத்து அனுப்பிடுவானுங்க" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம்தான். திங்கட்கிழமை நாங்கள் வருகிறோம். நாற்காலி போட வேண்டாம்.