பூஜையில் வைத்த சார்ஜர்

ஆயுத பூஜை அன்று பெண் பார்க்கப் போவதென்று முடிவானது. எங்கள் இருவருடைய கம்பெனிக்கும் அன்றுதான் சேர்ந்தாற்போல் லீவு. பெண் கிருஷ்ணகிரி, நான் ஓசூர். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இது அமையாவிட்டால் இனி எந்த வீட்டுக்கும் பஜ்ஜி தின்ன வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவ்வளவு ஆசைப்பட்டவன் முதல் நாளே என் கரண்ட் காருக்குச் சார்ஜ் போட்டிருக்க வேண்டாமா? பளபளவென்று கழுவித் துடைத்ததில் அது மறந்தே போனது. காலையில் பார்த்தால், அம்மா சார்ஜரைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்திருந்தார்.

“நாளைக்கு மறுபூஜை பண்ணாம அதைத் தொடக் கூடாது.”

வழியெல்லாம் சார்ஜ் போட இடம் இருக்கிறதென்று ஜம்பமாகக் கிளம்பினேன். சூளகிரி அருகே ஓர் ஓட்டல் வாசலில் ஒன்று காலியாக இருப்பதாகப் போன் காட்டியது. போய்ச் சேர்ந்தபோது நாலு சதவீதம்தான் மிச்சம். ஏ.சி.யை நான் அணைத்துவிட்டதில் அம்மாவின் பட்டுச்சேலை வியர்வையில் நனைந்திருந்தது.

காலியாகத்தான் இருந்தது. மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சார்ஜ் போடும் ஒயருக்கு மாலை போட்டு, எதிரே இலையில் பொரிகடலை வைத்திருந்தார்கள்.

“பூஜை முடிஞ்சிடுச்சி சார். இன்னைக்கு எடுக்க மாட்டோம், நாளைக்கு வாங்க” என்றார் வாட்ச்மேன்.

தமிழில் கெஞ்சினேன். தெலுங்கில் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்திலும் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. உதவிக்கு அம்மாவைப் பார்த்தேன்.

“அவர் சொல்றது நியாயந்தானேடா” என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிறகு யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

“அப்பா, நாமளே போயிடலாம்ப்பா!”

முக்கால் மணி நேரத்தில் பெட்ரோல் காரில் வந்து இறங்கினார்கள், பஜ்ஜித் தூக்குடன். ஓட்டியது அவள். சார்ஜ் ஷெட்டின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெண் பார்த்தோம். முதல் பஜ்ஜி வாட்ச்மேனுக்குப் போனது. அவளுடைய அப்பா பொரியைக் கொறித்தபடி, சார்ஜரைத் தொடவிடாத என் அம்மாவை மெச்சிக்கொண்டே இருந்தார்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“வீட்லயும் சார்ஜர் பூஜையிலதானா?”

“ஆமாங்க.”

மறுபடி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பறப்பது போலவும் இருந்தது.

“கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார் அவள் அப்பா. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். கடித்த பஜ்ஜியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் வண்டியில் ஏறினோம். ஓசூர்வரை அவள், என் அம்மாவிடம் “ஆன்ட்டி, ஆன்ட்டி” என்று பேச்சுக் கொடுத்தபடியே ஓட்டினாள். நான் பின்னால் அவள் அப்பாவின் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வாசலில் இறங்கியதும் கண்ணாடியை இறக்கினாள்.

“நாளைக்கு மறுபூஜை எத்தனை மணிக்கு அத்தை? வண்டி எடுக்கணும்ல, நானே வந்து இவரைக் கூட்டிட்டுப் போறேன்.”