ஆறாயியின் அரை மணி நேரம்

கொழும்பு கிராண்ட்பாஸில் இருந்த கொண்டெய்னர் யார்டில் ஆறாயி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மனேஜர் தில்லைநாதன் அவளுடைய பெயரைக் கொஞ்சம் நறுக்கப் பார்த்தார்.

"ஆரா எண்டு போடுவமே பிள்ளை? ஃபோனில சொல்லவும் லேசு."

"ஆறாயின்னே போடுங்க சார். ஐடென்டிட்டி கார்டுல அப்படித்தான் இருக்கு. ரெண்டு பேரு வச்சிருந்தா செக்பொயின்ட்ல ரெண்டு மடங்கு கேள்வி கேப்பாங்க."

தில்லைநாதன் ஆறாயி என்றே எழுதிக்கொண்டார். வெள்ளவத்தையில் இரண்டு வளர்ந்த பையன்களோடு குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு செக்பொயின்ட் என்ற ஒரு சொல்லே போதும்.

ஆறாயி பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில். கொழும்புக்கு வந்து பகலில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்து, மாலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் கட்டடத்தில் கம்பியூட்டர் படித்தாள். ஜிந்துப்பிட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தான் இன்னார், இன்ன வீட்டில் இருக்கிறேன் என்று பொலிஸில் பதிந்த துண்டுச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவாள். யார்டில் அவளுக்குக் கிடைத்தது டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லொறி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும், தொழிலாளி வாசல் கேற்றில் அட்டையை இழுத்தாலும், டேட்டாபேஸின் அட்டவணையில் ஒரு நிரை விழும்: யார், உள்ளேயா வெளியேயா, எத்தனை மணி. இதையெல்லாம் எழுதி வைத்த புரோகிராமர் தொண்ணூற்றைந்தில் கனடா போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கம்பியூட்டர் பெட்டிக்குக் காய்ச்சல் வந்தாலும் இருமல் வந்தாலும் ஆறாயிதான்.

தொண்ணூற்றாறு மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்தது. எடுத்த அன்று அதே அரை மணி நேரம் இரண்டு தடவை வந்தது. மறுநாள் காலை ரிப்போர்ட்டை எடுத்தால் பதினொரு லொறிகள் உள்ளே வருவதற்கு முன்பே வெளியே போயிருந்தன.

"என்ன பிள்ளை இது கூத்து?" என்று தில்லைநாதன் தாளை மேசையில் போட்டார்.

"மெஷின் பார்த்ததைத்தான் சார் எழுதியிருக்கு. மணிக்கூட்டைத் திருப்பினது நாங்கதானே."

"நீர் கையால திருத்திப் போடும். ஹெட் ஒஃபிசுக்கு அனுப்ப வேணும்."

கையால் திருத்திப் போட்டாள். ஆனால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நடந்த ஒன்றை, பார்க்க அழகாக இல்லை என்பதற்காக மாற்றி எழுதுவதா? அலுமாரியில் தூசி பிடித்துக் கிடந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதைப் படித்தாள். படித்து முடித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. சுவரில் தொங்கும் மணியை டேட்டாபேஸுக்குள் வைக்கக் கூடாது. சுவர் மணியை அரசாங்கம் எந்தப் பக்கமும் திருப்பும். உள்ளே வைக்க வேண்டியது எவரும் திருப்பாத கிறீன்விச் நேரம். வைக்கும்போது கிறீன்விச்சில் வைத்து, எடுத்துக் காட்டும்போது மட்டும் இலங்கைக்கு உரிய ஆறு மணி நேரத்தைக் கூட்டிக் காட்டினால் போதும்.

"ஓடுற வண்டியில ஏன் கை வைக்கிறீர்?" என்றார் தில்லைநாதன்.

"ஓடல சார். தள்ளிக்கிட்டுப் போறோம்" என்றவள், அவர் லீவில் போன ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றி முடித்தாள். பத்தொன்பது ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து முந்நூற்று அறுபது நிமிடம் கூட்டச் சொல்லி எழுதினாள். புது வருடம் பிறந்த பிறகு ஒரு லொறிகூட வருவதற்கு முன் போகவில்லை. தில்லைநாதனும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

தொண்ணூற்றேழு நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை, யார்டுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பஸ் தரிப்பிடத்தில் ஒரு பொதி கிடந்தது. உள்ளே வெடிகுண்டு. வெடிப்பதற்கு முன் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலு மணி ஐந்து நிமிடமளவில் நீலச் சட்டை போட்ட ஒருவன் அதை வைத்துவிட்டுப் போனதாக எதிர்க் கடைக்காரர் சொன்னார். நீலச் சட்டை யார்டுத் தொழிலாளர்களின் உடுப்பு. வெள்ளிக்கிழமை காலை பொலிஸ் வந்து, முதல் நாள் மூன்று மணிக்கும் நாலு ஐந்துக்கும் இடையில் வெளியே போன தொழிலாளர்களின் பட்டியலைக் கேட்டது. ஆறாயி அன்று லீவு. தில்லைநாதன்தான் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது: சங்கிலி, வெளியேறியது மூன்று ஐம்பத்திரண்டு.

சங்கிலி லொறி நிறுக்கும் மேடையில் பதினாறு வருடம் வேலை செய்தவர். மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக அனுமதி கேட்டுக்கொண்டு வியாழக்கிழமை முன்னதாகப் போயிருந்தார். நாலேகால் தாண்டித்தான் வெளியே போனேன் என்று பொலிஸில் சொன்னார். தாள் மூன்று ஐம்பத்திரண்டு என்றது. பொய் சொல்கிறான் என்று அன்றைக்கே பிடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவருடைய மனைவி மயிலம்மா யார்டு வாசலுக்கு வந்து, ஆறாயியை வெளியே கூப்பிட்டு நிறுத்தினாள்.

"தங்கச்சி, அவரு கடைசியா டயர் ஏத்தின ஒரு லொறிய எடை போட்டுட்டுத்தான் வந்தாராம். அதுக்கு ஒரு நேரம் இருக்கும்தானே? உங்க பொட்டிக்குள்ள பாருங்க."

"பாக்குறேன் அக்கா. இங்கயே நில்லுங்க."

உள்ளே போய் நிறுவை ரிப்போர்ட்டைத் திறந்தாள். வியாழக்கிழமை, டயர் ஏற்றிய லொறி, எடை போட்டவர் சங்கிலி, நேரம் நாலு பதினாலு. மூன்று ஐம்பத்திரண்டுக்கு வெளியே போன மனிதர் நாலு பதினாலுக்கு எப்படி லொறி நிறுப்பார்? ஆறாயி வெளியேறியோர் ரிப்போர்ட்டை எடுத்து, அதன் அடியில் எழுதியிருந்த புரோகிராம் வரிகளைத் திறந்தாள். கூட்ட வேண்டிய நிமிடம் என்ற இடத்தில் 330 என்று இருந்தது.

முந்நூற்று முப்பது. ஐந்தரை மணி நேரம். மணிக்கூட்டைத் திருப்புவதற்கு முன்பு இருந்த, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பழைய வித்தியாசம். பதினெட்டு ரிப்போர்ட்டில் சரியாக எழுதிய கை, யாரும் அதிகம் எடுக்காத இந்தப் பத்தொன்பதாவதில் பழக்கத்தில் பழையதை எழுதியிருந்தது. வேறு யாருடைய கையுமல்ல, அவளுடைய கை.

வாசலுக்குத் திரும்பிப் போனாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு சொன்னது உண்மை. பிழை என்னோடது. நான் ஒரு நம்பரைத் தப்பா போட்டிருக்கேன்."

மயிலம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடிப்பாளோ என்று ஆறாயி நினைத்தாள். அடிக்கவில்லை.

"அப்ப அதைப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

தில்லைநாதனிடம் சொன்னபோது அவர் முதலில் அறைக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, யோசிச்சுக் கதையும். நாங்கள் குடுத்த பேப்பர் பிழை எண்டு நாங்களே சொன்னா, அவையள் கேக்கப்போறது என்ன? வேணுமெண்டு மாத்தினதோ எண்டுதான். மாத்தினது ஆர்? நீர். நீர் ஆர்? ஜிந்துப்பிட்டியில ரூம் எடுத்திருக்கிற தமிழ்ப் பொம்பிளை. உம்மையும் ஏத்திக்கொண்டு போவினம். அதுக்குப் பிறகு என்னை."

"சங்கிலி அண்ணனை ஏத்திட்டாங்களே சார்."

"எனக்கும் மனசில்லையெண்டு நினைக்கிறீரோ? எனக்கு ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள்."

"உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். எழுதினது நான், சொல்றதும் நான்."

"சொன்னா இந்த வேலை உமக்கு இல்லை."

"சரிங்க சார்" என்றாள் ஆறாயி. அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது தில்லைநாதன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனையில் யோசெப்பின் என்ற பெண் சட்டத்தரணி இருந்தார். இப்படிப்பட்ட வழக்குகளைக் காசைப் பார்க்காமல் எடுப்பவர். ஆறாயி சொன்னதைக் கேட்டுவிட்டு, "கோர்ட்ல இதை நான் சொன்னா சரிவராது. நீங்கதான் ஏறிச் சொல்ல வேணும். பயமில்லையா?" என்று கேட்டார்.

"பயந்தான் மிஸ். அதுக்காக 330, 360 ஆயிடுமா?"

நீதவான் முன்னால் அவள் தமிழிலேயே சாட்சி சொன்னாள். சிங்களம் நன்றாக வரும். இருந்தாலும், தன் பிழையைத் தன் பாஷையில்தான் ஒப்புக்கொள்வது என்று பிடிவாதமாக நின்றாள். மொழிபெயர்ப்பாளர் ஓர் இடத்தில் அரை மணி என்பதை ஒரு மணி என்று சொன்னபோது மட்டும், அவள் சிங்களத்திலேயே குறுக்கிட்டுத் திருத்தினாள்.

அரச தரப்புச் சட்டத்தரணி உயரமான மனிதர். எழுந்து நின்று தாளைக் காட்டினார்.

"இது மூன்று ஐம்பத்திரண்டு என்கிறது. இப்போது நீங்கள் நாலு இருபத்திரண்டு என்கிறீர்கள். கைது நடந்த பிறகு மெஷினுக்குள் மாற்றினீர்கள், அப்படித்தானே?"

"உள்ளுக்கு எதையும் மாத்தல ஐயா. உள்ளுக்கு இருக்கிறது கிறீன்விச் நேரம். பத்து மணி, இருபத்திரெண்டு நிமிஷம், நாப்பத்தொரு செக்கன், அதுக்கு மேல ஆயிரத்துல நானூத்திப் பதினேழு பங்கு. அதோட அஞ்சரை மணி கூட்டினா உங்க கையில இருக்கிற தாள். ஆறு மணி கூட்டினா நாட்டு நேரம். கூட்டினதுலதான் பிழை. அந்தப் பிழை என்னோடது."

"ஐந்தரை மணி." அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "வன்னியில் புலிகள் இன்றைக்கும் வைத்திருக்கும் நேரம் அதுதான், இல்லையா? அரசாங்கம் மாற்றிய நேரத்தை ஏற்றுக்கொள்ளாமல் அவர்கள் வைத்திருக்கும் நேரம். அது எப்படி உங்கள் மெஷினுக்குள் வந்தது?"

யோசெப்பின் எழுந்தார். அதற்குள் ஆறாயி பேசத் தொடங்கிவிட்டாள்.

"போன வருஷம் மே மாசம் வரைக்கும் அது இந்த நாட்டு நேரம் ஐயா. நான் பொறந்தது அந்த நேரத்துலதான். நீங்களும் அந்த நேரத்துலதான் பொறந்திருப்பீங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். "சொன்னபடியே சொல்லும்" என்றார் நீதவான். சொன்னபடியே சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கினார்கள். உயரமான மனிதர் சிரிக்கவில்லை.

"அந்த இலக்கத்தை நீங்கள் நேற்றுக் கையால் அடிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"எங்க டேட்டாபேஸ் ஒரு செக்கனை முந்நூறு பங்காத்தான் பிரிச்சு வைக்கும். அதனால எந்த நேரத்தை எடுத்தாலும் கடைசி இலக்கம் பூச்சியம், மூணு, இல்லாட்டி ஏழு. கையால அடிக்கிறவங்க செக்கனோட நிறுத்திருவாங்க, அதுக்குக் கீழ வெறும் பூச்சியந்தான் விழும். இதுல நானூத்திப் பதினேழு இருக்கு. ஆனா ஐயா, தெரிஞ்சவ நினைச்சா அதையும் அடிக்கலாம். அதனால என் பேச்சை நம்ப வேணாம். அன்னன்னைக்கு வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் காந்த நாடாவுல பதிஞ்சு ஹெட் ஒஃபிசுக்கு அனுப்புறோம். வியாழக்கிழமை நாடா அன்னைக்கே போயிருச்சு. வெள்ளிக்கிழமை காலையிலதான் அவரைப் புடிச்சாங்க. அதை எடுத்து, என்னைத் தவிர யாரை வேணும்னாலும் வச்சு வாசிச்சுப் பாருங்க."

நீதவான் நீண்ட நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, நாடாவைப் பெற்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கும்படி உத்தரவிட்டார்.

அதற்குப் பத்து நாட்களுக்குப் பிறகு தில்லைநாதன் சொன்னதும் நடந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஜிந்துப்பிட்டி ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். ஆறாயியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், யார் உன்னைச் சாட்சி சொல்லச் சொன்னது, யார் காசு கொடுத்தது என்று மதியம் வரை திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னாள்: எழுதியது நான். விடும்போது ஒரு பெண் பொலிஸ் பதிவுக் கொப்பியை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். கூட்டிவந்த நேரம் ஒன்பது மணி என்று அதில் எழுதியிருந்தது.

"ஆறு நாற்பது" என்றாள் ஆறாயி சிங்களத்தில். "ஆறு நாற்பதுக்குத்தான் ஜீப்பில் ஏற்றினீர்கள். அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்."

"போகப்போகிறாய்தானே, இதில் என்ன?"

"ஆறு நாற்பது."

அரை மணிக்கும் மேலாக வாங்கிலில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்தப் பெண் எரிச்சலோடு ஒன்பதை வெட்டி ஆறு நாற்பது என்று எழுதினாள். ஆறாயி கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்து, முதலில் கண்ட கடையில் இரண்டு வடையும் ஒரு பிளேன்டீயும் வாங்கிச் சாப்பிட்டாள்.

நாடாவை வாசித்த விரிவுரையாளர் சிங்களவர். ஆறாயியை அவர் கண்டதே இல்லை. பத்து இருபத்திரண்டு நாற்பத்தொன்று, நானூற்றுப் பதினேழு என்று அவருடைய அறிக்கை சொன்னது. எழுபத்தொரு நாளுக்குப் பிறகு சங்கிலியை விட்டார்கள். அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாயி அவருடைய வீட்டுக்குப் போனாள். மயிலம்மா பாய் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறாயி 330 என்ற இலக்கத்தைப் பற்றிச் சங்கிலியிடம் நேராகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணே."

"அரை மணி நேரந்தானேன்னு சொல்லாதீங்க, தங்கச்சி" என்றாள் அடுப்படியிலிருந்து மயிலம்மா.

"சொல்ல மாட்டேன் அக்கா."

யார்டில் அவளை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, லேபிள் அடிக்கும் மேசையில் போட்டிருந்தார்கள். தானாக விலகிப் போவாள் என்று பார்த்தார்கள். அவள் போகவில்லை. காலை எட்டுக்கு வந்து, ஐந்துக்குப் போனாள். வருட முடிவில் ரிப்போர்ட்டுகள் ஒன்றும் வராமல் பெட்டி படுத்துக்கொண்டபோது தில்லைநாதன் அவளுடைய மேசைக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, ஒருக்கா வந்து பாரும்."

"பழைய இடத்துக்குன்னு கடிதம் தாங்க சார், வாறேன். இன்னொண்ணு. சங்கிலி அண்ணனுக்கு வேலை இல்லைன்னு அனுப்பியிருக்கீங்க. அதையும் பாருங்க."

முதலாவது அன்றைக்கே கிடைத்தது. இரண்டாவதை ஹெட் ஒஃபிஸ் மறுத்தது. ஆறாயி சங்கிலியைக் கூட்டிக்கொண்டு தொழில் திணைக்களத்துக்கு ஆறு தடவை போனாள். நீதிமன்ற உத்தரவு, விரிவுரையாளரின் அறிக்கை, பதினாறு வருட வருகைப் பதிவு எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாள். ஐந்தாவது தடவை, யாரும் கேட்காமலே தில்லைநாதன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்த ஏப்ரலில் சங்கிலி நிறுவை மேடைக்குத் திரும்பினார். முதல் நாள் அட்டையை இடது கையால் இழுத்து உள்ளே வந்தார்.